நாற்பத்தொன்றாவது கோல்

சங்கிலி தூக்கிய கொடி இறங்கவில்லை. நடந்த தப்பு அதுதான்.

எண்பத்தொன்றாம் வருடம், நவம்பர் மாதம், நரிப்பாறை எஸ்டேட் மைதானத்தில் எஸ்டேட் உயர்நிலைப் பள்ளிக்கும் டவுன் உயர்நிலைப் பள்ளிக்கும் நடந்த கோப்பை ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, மேற்குக் கோட்டில் லைன்ஸ்மேனாக நின்றிருந்த சங்கிலி ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார். தூக்கிய வலது கை தூக்கியபடியே நின்றுவிட்டது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, முப்பத்தெட்டு வருடம். ஏன் என்று கேட்பவர்களுக்கு எஸ்டேட்டில் ஒரே பதில்தான்: இறங்கவில்லை, அவ்வளவுதான், போய் வேலையைப் பாருங்கள்.

ஆனால் பனிச்சட்டத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நரிப்பாறையில் மதியம் மூன்று மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனி ஏறி வரும். ஏறி வந்தால் தன் காலைத் தானே பார்க்க முடியாது. பனிக்காக ஆட்டத்தை நிறுத்தினால் எந்த ஆட்டமும் முடியாது என்பதால், பந்தை வாங்கப் போகிறவன் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும் என்று யாரோ எப்போதோ வைத்த சட்டம் அங்கே நடைமுறையில் இருந்தது. பெயர் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஆள் இருக்கிறான். ரெஃப்ரியும் காதால்தான் ஆட்டம் பார்ப்பார், லைன்ஸ்மேனும் காதால்தான் கொடி தூக்குவார். அதனால் பனி இறங்கியதும் வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் துண்டையும் முந்தானையையும் வாயில் கவ்விக்கொள்வார்கள். வெளியே நிற்கிற எவனாவது ஆடுகிறவன் பெயரைக் கத்தினால் ஆட்டம் கெட்டது. கத்தினவன் ஒரு மாதம் மைதானத்துப் புல்லை அறுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வடக்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிற நரிப்பாறை, மைதானத்தின் நடுவிலிருந்து கத்துகிற குரலைத் திருப்பித் தராது. மேற்குக் கோட்டில் நின்று கத்துகிற குரலை மட்டும் அப்படியே திருப்பித் தரும். கோட்டை ஒட்டிக் கால்வாய் ஓடுவதால் அங்கே லைன்ஸ்மேனைத் தவிர யாரும் நிற்பதில்லை.

சந்தியாகு அந்த வருடம் பத்தாம் வகுப்பு, இரண்டாவது முறை. அப்பனும் ஆத்தாளும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள். இடது ஓரத்தில் ஆடுவான். சின்ன வயதில் கீழ்ப்பக்கம் உதைத்த பந்தெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டதால் மேட்டைப் பார்த்தே உதைத்துப் பழகியவன். சமமான தரைக்கு வந்ததும் பந்து அவன் காலைவிட்டுப் போக மனசில்லாமல் கூடவே ஓடியது. ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு கையைக் கீழே விட்டுக் கெண்டைக்காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடுவான். அவன் அட்டையைத் தட்டினால் அடுத்தது கோல் என்று லயத்து வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பருவத்தில் கோப்பை ஆட்டத்துக்கு முன்பே நாற்பது கோல் போட்டிருந்தான். டவுனிலிருந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், மேனேஜர் துரை ஜீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார், கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடியே பெண்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள்.

சங்கிலி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. அவர் யாரையும் நன்றாக ஆடினான் என்று சொன்னது கிடையாது; மிஞ்சிப் போனால் "பரவாயில்லை" என்பார், அதையும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார். முகம் அசையாத ஆள் என்பதால்தான் அவரை லைன்ஸ்மேனாகப் போட்டார்கள். தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்று சந்தியாகு பழகுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

கோப்பை ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை. டவுன் கோல்கம்பத்தில் நின்ற கோலி பாய்ந்து பாய்ந்து பிடித்தான். மூன்றரை மணிக்குப் பனி இறங்கியது, ஆயிரம் பேர் துணியைக் கவ்விக்கொண்டார்கள். கடைசியில் நடுவிலிருந்து ஒரு பந்து கிளம்பிய சத்தம், "சந்தியாகு" என்கிற குரல், அப்புறம் வலை அதிர்ந்த சத்தம். ஜனங்கள் துணியைத் துப்பிவிட்டுக் குதித்தார்கள். பனி கொஞ்சம் விலகியபோது மேற்குக் கோட்டில் கொடி தெரிந்தது. ஆஃப்சைடு. டவுன் அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனான பேக்கைத் தாண்டி, கோல்கம்பத்துக்குப் பக்கத்தில், பந்து வருவதற்கு முன்பே சந்தியாகுவின் பெயர் கேட்டது என்றார் சங்கிலி. ரெஃப்ரி ஒத்துக்கொண்டார். சந்தியாகு சண்டை போடவில்லை. பந்தை வலையிலிருந்து எடுத்து வந்து கீழே வைத்தான்.

"அண்ணே, கையை இறக்குங்க. ஆட்டம் நடக்கட்டும்."

"இறங்க மாட்டேங்குதுடா."

"வெளையாடாதீங்கண்ணே."

"நான் எங்கடா வெளையாடறேன்? நீதான் வெளையாடறே. போ."

ஆட்டம் முடிந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், கோப்பை டவுனுக்குப் போனது. நாலு பேர் தொங்கியும் சங்கிலியின் கை இறங்கவில்லை. எண்ணெய் போட்டார்கள், மாந்திரீகர் வந்தார், பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். மூன்று நாள் அவருக்குத் தொண்டையும் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை. அது பனி என்று மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள், தொண்டை சரியாயிற்று. கை சரியாகவில்லை.

எஸ்டேட் என்ன செய்யும்? ஒரு வாரம் ஆச்சரியப்பட்டது. அப்புறம் கொழுந்து நிற்குமா? ஒரு கையோடு விறகு போட முடியாதவரை மேனேஜர் கூப்பிட்டு, லாரிப் பாதையில் பனி அடர்ந்து விழுகிற கொண்டை ஊசி வளைவில் நிற்கச் சொன்னார். கை தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, இவர் ஏற்கனவே தூக்கிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அந்த வளைவில் ஒரு லாரியும் சரியவில்லை. மலைச்சரிவில் பனிக்குள் மாட்டிக்கொண்ட பெண்கள் சங்கிலியின் கொடி எந்தப் பக்கம் என்று பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். கொடித்துணி இற்றுப்போனபோது ஒவ்வொரு கட்சிக்காரனும் தன் துணியைக் கொண்டுவந்தான். சங்கிலி எல்லோரையும் விரட்டினார். கடைசியில் எஸ்டேட் கூட்டம் போட்டு, பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக ஒரு துணி, தீபாவளிக்குத் தீபாவளி தையல்காரர் செலவு என்று முடிவானது. யூனியனில் கை தூக்கி ஓட்டெடுத்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். ஒரு தடவை வேலைநிறுத்தம் ஒரே ஓட்டில் ஜெயித்தது. சங்கிலியின் கையைச் சேர்க்கக் கூடாது என்றது நிர்வாகம். இங்கே இருக்கிற கைகளிலேயே ரொம்ப நாளாகத் தூக்கியிருப்பது அதுதான் என்றது யூனியன். ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

புதிதாக வருகிற பஸ் டிரைவர்கள் வளைவில் நிறுத்துவார்கள்.

"ஏறுய்யா."

"ஏறல."

"அப்புறம் எதுக்குக் கையைக் காட்டறே?"

"ஆஃப்சைடு."

பெண் பார்க்கப் போனபோதும் அதே கதைதான். பேச்சியின் அப்பன் வாசலில் நிற்க வைத்தே கேட்டார், "இந்தக் கை?"

"இறங்காது."

உள்ளேயிருந்து பேச்சி கேட்டாள், "இன்னொண்ணு?"

"வேலை செய்யும்."

"போதும்," என்றாள். கல்யாணம் நடந்தது. தோளில் பொத்தான் வைத்துத் திறக்கிற சட்டை தைத்தாள். அவர் படுத்தாலும் கை கூரையைப் பார்த்து நேராக நிற்கும், கம்பளி கூடாரம் மாதிரி எழும்பும், அதற்குள் பிள்ளைகள் மூன்றும் படுத்து வளர்ந்தார்கள். மழைக்காலத்தில் அவர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் லயத்துப் பிள்ளைகளின் ஈர சாக்ஸெல்லாம் அந்தக் கையில்தான் காயும். யாரும் அனுமதி கேட்பதில்லை. அவரும் திட்டாமல் இருந்ததில்லை.

சந்தியாகு பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை. அடுத்த வருடமே திருப்பூர் போனான், பனியன் கம்பெனியில் சேர்ந்தான், அங்கேயே கல்யாணம், அங்கேயே வயசு. ஒரே ஒரு தடவை தங்கச்சி லூர்து கல்யாணத்துக்கு வந்தவன் பஸ் வளைவில் திரும்பும்போது இறங்கி வந்து நின்றான். தலையில் பாதி நரைத்திருந்தது.

"அண்ணே, இன்னுமா ஆஃப்சைடு?"

"ஆஃப்சைடுதான்."

சந்தியாகு சிரித்தான். குனிந்து காலில் இல்லாத அட்டையைத் தட்டிவிட்டு நடந்துபோனான். சங்கிலி அவன் போவதைத் திருப்பம் வரை பார்த்தார். அவருக்கு ஏதோ சொல்ல இருந்தது, என்னவென்று தெரியவில்லை, தெரியாததைச் சொல்ல முடியாது.

சந்தியாகு இறந்த செய்தி முப்பத்தெட்டாவது வருடம் வந்தது. லூர்து அப்போது எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசர். அண்ணன் பெயரில் மைதானத்து வாசலில் ஒரு கல் நட வேண்டும் என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். கொத்தர் வந்தார், கல்லை இழைத்தார், பெயரை வெட்டினார், பள்ளியின் பெயரை வெட்டினார், ஒரே பருவத்தில் இத்தனை கோல் என்கிற இடத்தில் உளியை நிறுத்தினார்.

"நாப்பதா, நாப்பத்தொண்ணா?"

அங்கேதான் சிக்கல். நாற்பது என்று வெட்டினால் ஜனங்களுக்குப் பொறுக்காது. நாற்பத்தொன்று என்று வெட்டினால் வளைவில் ஒரு கை நிற்கிறது. ஆட்டத்தை நடத்திய மூன்று பேரில் ரெஃப்ரியும் இன்னொரு லைன்ஸ்மேனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் சங்கிலி மட்டும். அவர் வாயால் மாற்றிச் சொல்லாமல் எண்ணை மாற்ற எஸ்டேட்டுக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் முப்பத்தெட்டு வருடம் அந்தக் கையைப் பார்த்துத்தான் அவர்கள் வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

லூர்து வீட்டுக்கே வந்தாள். "அண்ணே, செத்தவனுக்கு ஒரு கோல். குடுத்தா என்ன கொறைஞ்சுடும்?"

"குடுக்கறதுக்கு அது என் கோலா? கேட்டதைச் சொன்னேன். பேக்குக்கு அந்தாண்ட அவன் பேர் கேட்டுது."

"உங்களுக்கு என் அண்ணன் மேல அப்படி என்னண்ணே கோவம்?"

சங்கிலி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். அவள் போனபிறகு பேச்சி சொன்னாள், "பொய்யாவது சொல்லித் தொலைங்களேன்."

"பொய் சொன்னா இது இறங்கும்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன்," என்றார். அதற்கப்புறம் சாப்பிடவில்லை. உண்மையில் அவருக்கு இருந்த ஒரே பயம் என்னவென்றால், தன் காது அன்றைக்குத் தப்பாகக் கேட்டிருந்தால் தான் ஒரு பையனின் காலை உடைத்ததற்குச் சமம். சரியாகக் கேட்டிருந்தால் இந்தக் கை ஏன் இறங்கவில்லை? இரண்டில் எது என்று தெரியாமல் சாக அவருக்கு விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல் நடுகிற நாள். எண் வெட்டாத கல்லைச் சுற்றி எஸ்டேட் முழுக்கக் கூடியிருந்தது. மூன்று மணி பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு வயசாளி, கக்கத்தில் மஞ்சள் பையோடு இறங்கி வந்தார்.

"யாருங்க?" என்றாள் லூர்து.

"கோலி. டவுன் கோலி."

கிழடுகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற கோலி பாய். சந்தியாகு கோல் போட முடியாத ஒரே கோலி என்று அவர் கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும். கல்லாவுக்கு மேலே, பையன்கள் அவரைத் தோளில் தூக்கியிருக்கிற படம் மாட்டியிருக்கும்.

"என்ன பாய், கோப்பையைக் கொண்டாந்தீங்களா?" என்று எவனோ கேட்டான்.

"ஸ்கூல்ல இருக்கு. பேனா போட்டு வெச்சிருக்கானுங்க."

அவர் நேராகச் சங்கிலியிடம் வந்தார். "வலிக்குதா?"

"உனக்கென்ன?"

"பஸ்ஸு வளைவுகிட்ட வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்யா. கழுத்து சுளுக்கிப்போச்சு. இன்னமும் ஆஃப்சைடுங்கறியாமே?"

"ஆஃப்சைடு."

"எதை வெச்சு?"

"குரலை வெச்சு. உன் தலைக்குப் பக்கத்துல கேட்டுது."

"கேட்டுது. எனக்கும் கேட்டுது. அது பாறை."

"நடுவுல இருந்து கத்தினா பாறை திருப்பாது. இது தெரியாதா உனக்கு?"

"தெரியும். மேற்குக் கோட்டுல நின்னு கத்தினாத்தான் திருப்பும்." பாய் மைதானத்தைக் காட்டினார். "சந்தியாகு கத்தினது என் முன்னாடி, எங்க பேக்குக்கும் முன்னாடி, நடுப்பக்கமா. சரியாத்தான் நின்னான். அதுக்கு ஒரு நொடி முன்னாடி மேற்குக் கோட்டுலருந்து ஒரு குரல், பாறையிலருந்து அதே குரல். அங்க அன்னிக்கு யாருய்யா நின்னா?"

கூட்டம் சங்கிலியைத் திரும்பிப் பார்த்தது.

"நான் கத்தல," என்றார் சங்கிலி.

"கத்தினே. லைன்ஸ்மேன் கத்தற கத்தா அது? பெத்தவன் கத்தற மாதிரி கத்தினே."

பேச்சி மெதுவாகச் சொன்னாள், "மூணு நாள் தொண்டை கட்டிப்போச்சுன்னு உங்கம்மா சொல்லுவாங்களே."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல பாய்?" லூர்துவின் குரல் உடைந்திருந்தது.

"சொல்லியிருக்கலாம்மா. என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. பதினேழு வயசு. தோள்மேல உக்காந்திருக்கறவன் எதைப் பேசுவான்? அப்புறம் கடை வந்துச்சு, பலகை வந்துச்சு. அவன் செத்துட்டான்னு கேட்டதும் பலகையைக் கழட்டிட்டேன்."

சங்கிலி யாரையும் பார்க்காமல் மைதானத்துக்குள் நடந்தார். கால்வாய் ஓரமாகப் போய் மேற்குக் கோட்டில், அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றார். பனி பள்ளத்திலிருந்து ஏறி வந்தது, முதலில் கோல்கம்பத்தை எடுத்துக்கொண்டது, அப்புறம் பாறையை, அப்புறம் ஜனங்களை. யாரும் சொல்லாமலே எல்லோரும் துண்டையும் முந்தானையையும் வாயில் கவ்விக்கொண்டார்கள். பாய் தன் பழைய இடத்துக்கு, வடக்குக் கோல்கம்பத்துக்கு நடுவில், தட்டுத்தடுமாறிப் போய் நின்றார்.

சங்கிலி வாயைத் திறந்தார். எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை. விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்த சாயங்காலங்கள் எல்லாம், மேட்டைப் பார்த்து உதைத்த பந்துகள் எல்லாம், திருப்பத்தில் மறைந்த நரைத்த தலையும், எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்து நின்று, பிறகு வெளியே போயின.

"சந்தியாகூ!"

பனிக்குள்ளிருந்து, கோல்கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து, பந்துக்காக முன்பே போய் நிற்கிறவன் குரல் போல அது திரும்பி வந்தது. முப்பத்தெட்டு வருடமாக அவர் காதில் இருந்த குரல். அவருடையது.

"கோல்," என்றார் சங்கிலி.

கை இறங்கியது. அவசரப்படாமல், நெடுநாள் திறக்காத கதவு மாதிரி முனகிக்கொண்டு, தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி இறங்கியது. கொடி புல்லில் பட்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இருபத்தேழு வயதுக்காரனின் உள்ளங்கை, விறகுக் கரி ரேகையில் அப்படியே இருந்தது.

பேச்சி வந்து கொடியை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "இனிமே சட்டையை நீங்களே போட்டுக்குங்க."

லூர்து அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் இறங்கிய கையைப் பார்த்தாள். பிறகு, "வெளியே நின்னு பேரைக் கத்தினா என்ன சட்டம்ணே?"

"ஒரு மாசம் புல்லு."

"நாளைக்கே ஆரம்பிங்க."

"தெரியும், தெரியும்," என்றார் சங்கிலி. போகிற போக்கில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உங்கண்ணன் நல்லா ஆடினான்," என்றார்.

பாய் மஞ்சள் பையிலிருந்து கடைப் படத்தை எடுத்து லூர்துவிடம் கொடுத்தார். தோளில் இருந்தது அவர்தான். ஆனால் படத்தின் ஓரத்தில், பனி தொடங்குகிற இடத்தில், தோற்ற சட்டையோடு சந்தியாகு நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அண்ணனின் பள்ளிக்கூடக் காலத்துப் படம் அவளிடம் ஒன்றுகூட இல்லை.

கொத்தர் நாற்பத்தொன்று என்று வெட்டி முடித்து உளியைத் துடைத்தார். பாய் போகாமல் நின்றார்.

"கீழே இன்னொரு வரி வெட்டுய்யா. கடைசிக் கோலை விட்டது யாருன்னு போடு."

"கோலி பாய்னு போட்டுடவா?"

"ஏன்யா, எனக்குப் பேர் இல்லையா?"

கொத்தர் முழித்தார். எஸ்டேட்டும் முழித்தது. இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னார், கொத்தர் வெட்டினார், சங்கிலி இறங்கிய கையால் கல்லைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் பனி விழுந்தால் விரலால் தடவிப் படிக்கலாம்:

நாற்பத்தொன்றாவது கோலை விட்டவர் கா. சிக்கந்தர்.